ஜார்ஜ்டவுன் இலக்கிய விழாவுக்குப் போகிறீர்களா?

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ்டவுன் நகரில் 2011-இல் தொடங்கிய இந்த விழா பெரும்பாலும் நவம்பர் கடைசியில்தான் வரும். பினாங்கில் அப்போது மழை. குடையோடு, வாங்கும் புத்தகங்களைச் சுற்ற இரண்டு பிளாஸ்டிக் பையும் வேண்டும்.

கோலாலம்பூரிலிருந்து வந்தால் இடிஎஸ் என்னும் மின்சார விரைவு ரயில் ஏறுங்கள், டிக்கெட்டை முன்பே வாங்கிவிட்டு. தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரி. பாலம் வழியாக டாக்சி எடுப்பது வீண்செலவு.

எல்லா அமர்வுக்கும் ஓடாதீர்கள். நாளைக்கு மூன்று போதும். பெரிய பெயர்களுக்குக் கூட்டம் எப்படியும் சேரும். மொழிபெயர்ப்பாளர்கள் பேசும் அமர்வு இருந்தால் அதை விடாதீர்கள், எழுத்தின் நுணுக்கம் அங்கேதான் வெளிப்படும். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம், மலாய். கேள்வியை முன்பே ஒரு வரியில் எழுதி வையுங்கள். கேள்வி என்று எழுந்து சொந்தக் கவிதை வாசிக்கும் அண்ணன் ஒருவர் எல்லா விழாவிலும் இருப்பார். அந்த வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

நீங்கள் தமிழில் எழுதுபவரா? உங்கள் கதையில் இரண்டு பக்கத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்து, அச்செடுத்து வாருங்கள். முழு நாவலைக் கையில் திணித்தால் யாரும் சுமக்கமாட்டார்கள். அமர்வு முடிந்ததும் மேடையோரம் நெரிக்காமல், தேநீர் வேளையில் பதிப்பாளரிடம் கொடுங்கள். பின்பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி இருக்கட்டும்.

காலையில் ஜார்ஜ்டவுனின் இந்தியர் கடைத்தெருவான லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டுப் போங்கள். அப்புறம், கையெழுத்து வாங்கப் புத்தகத்தை அமர்வுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். முடிந்தபின் வரிசை நீளம்.