புல்லென்று பிடுங்கப்படும் பூ: நீலக்கண் புல்லில் நேரும் தவறுகள்

கனடாவிலிருந்து விடுமுறையில் யாழ்ப்பாணம் வந்திருந்த என் சின்னம்மா, தன் வீட்டுப் பின்வளவைக் கைத்தொலைபேசிப் படங்களில் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு படத்தில் நிறுத்தி, "மூண்டு வருசமா இந்தப் புல்லைப் பிடுங்கிறன், திரும்பவும் முளைக்குது" என்றார். படத்தை விரித்துப் பார்த்தபோது, புல்லுக்கு நடுவே சட்டைப் பொத்தான் அளவில் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு பூவும், அதன் தொண்டையில் மஞ்சள் பொட்டும் தெரிந்தன. அது சிசிரிங்கியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது; ஆங்கிலத்தில் நீலக்கண் புல் என்று பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகிறது. பெயரில் புல் இருந்தாலும் அது ஐரிசு என்னும் பூச்செடியின் குடும்பத்துச் சிறு பல்லாண்டுச் செடி. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தானாக வளரும் சிசிரிங்கியம் மொன்ரானம் என்ற இனம் 10 முதல் 50 சென்ரிமீற்றர் உயரமே வளர்ந்து, வைகாசி, ஆனி மாதங்களில் பூக்கும்.

முதலாவதும் மிகப் பெரியதுமான தவறு, பூக்காத காலத்தில் அதைக் களையென்று பிடுங்குவதுதான். இதைத் தவிர்க்க விரல்களே போதும். எங்கள் தோட்டங்களில் கோரையைப் பிடுங்கியவர்களுக்கு அதன் தண்டு முக்கோணமாக விரலில் உறுத்துவது தெரியும். அறுகின் தண்டு உருண்டு, கணுக்கணுவாக இருக்கும். நீலக்கண் புல்லின் தண்டோ நசுக்கி வைத்ததுபோல் தட்டையாக, இரு ஓரமும் மெல்லிய விளிம்பு கட்டியிருக்கும். அடியில் இலைகள் ஒன்றையொன்று கவ்வியபடி விசிறிபோல் ஒரே தளத்தில் விரியும். இந்த விசிறி அமைப்பு பெரிய ஐரிசுச் செடிகளிலும் காணப்படுவது. பூ வரும்வரை காத்திராமலே குடும்பத்தைச் சொல்லிவிடும் அடையாளம் அது.

பூ மலர்ந்தபின், ஆறு இதழ்களைக் கண்டவுடன் லில்லி வகையென்று முடிவு செய்வது அடுத்த தவறு. இதழ்களை எண்ணுவதைவிட மகரந்தக் கேசரங்களை எண்ணுவதே நம்பகமானது. எங்கள் வேலிகளில் படரும் கார்த்திகைப்பூவில் ஆறு கேசரங்கள் உண்டு, விதை உருவாகும் சூலகம் இதழ்களுக்கு மேலே இருக்கும். ஐரிசுக் குடும்பத்தில் மூன்று கேசரங்களே உண்டு, சூலகம் இதழ்களுக்குக் கீழே இருக்கும். இது வெறும் தாவரவியல் நுணுக்கமன்று. குங்குமப்பூ தரும் குரோக்கசு ஐரிசுக் குடும்பத்தது; அதைப்போலவே தோற்றமளிக்கும் கொல்ச்சிக்கம், கார்த்திகைப்பூவின் குடும்பத்தைச் சேர்ந்த கொடிய நஞ்சுச் செடி. அவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவதும் மூன்றா ஆறா என்ற இந்த எண்ணிக்கைதான்.

மேகமூட்டமான நாளில் பூக்கள் சுருண்டு மூடியிருப்பதைப் பார்த்து, செடி வாடிவிட்டதென்று தண்ணீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. வெயிலில் விரிந்து, வெயில் மறைந்தால் மூடிக்கொள்வது அதன் இயல்பு. ஒரு பூ ஏறக்குறைய ஒரு நாளே இருக்கும். அடுத்த நாள், மொட்டுகளை மூடியிருக்கும் அதே உறையிலிருந்து இன்னொரு மொட்டு விரியும்.

வளர்ப்பதில் நேரும் தவறுகள் பெரும்பாலும் அன்பின் மிகுதியால் வருபவை. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் எருவும் பசளையும் போட்டுப் பழகிய எங்கள் கைகளுக்கு, ஒரு செடியை ஊட்டமில்லாத மண்ணில் விட்டுவைப்பது கடினம். ஆனால் பசளை மிகுந்தால் நீலக்கண் புல் இலையாகப் பெருத்துச் சாய்ந்துவிடும். பூ குறையும், ஆயுளும் குறையும். அடிக்குருத்தைச் சுற்றி, சருகு போன்ற மூடாக்கைக் குவித்தால் அது அழுகிவிடும். அதற்காக மண்ணை முற்றாகக் காயவிடுவதும் கூடாது. ஈரம் இருக்கவேண்டும், தேங்கக் கூடாது. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கொத்தைப் பிரித்து நட்டால் நடுப்பகுதி பட்டுப்போகாமல் புதுப்பிக்கலாம். புல்வெட்டும் இயந்திரத்தை, கொத்தமல்லி விதையளவான அதன் காய்கள் பழுப்பாகி வெடிக்கும்வரை அந்தப் பக்கம் கொண்டுபோகாதிருப்பது நல்லது.

சின்னம்மா திரும்பிப் போகுமுன் கேட்ட கேள்வி, அடுத்த முறை விதை கொண்டுவந்தால் இங்கே முளைக்குமா என்பது. பையிலிருந்து எடுத்து நேரே செம்மண்ணில் தூவினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். வடக்கத்திய இனங்களின் விதை, ஈரமான குளிரில் பல வாரங்கள் கிடந்த பின்னரே உறக்கம் கலையும். யாழ்ப்பாணத்து மார்கழிப் பனியில் அந்தக் குளிர் கிடையாது. ஈரமணலில் கலந்து குளிர்சாதனப்பெட்டியில் குறைந்தது ஆறு வாரம் வைத்து முளைக்கச் செய்யலாம். ஆனாலும் அவை பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். அதற்குள் எங்கள் சித்திரை வெயிலை அவை தாண்டவேண்டும். தாண்டுமென்று நான் நம்பவில்லை.

அதைவிடப் பெரிய தவறு, விதையைப் பயணப்பையில் சொல்லாமல் கொண்டுவருவது. இலங்கையின் 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு விதைகள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. தென்னாபிரிக்காவிலிருந்து வந்த அரிஸ்ரியா என்னும் நீலப்பூச் செடி, இதே ஐரிசுக் குடும்பத்தது, இன்று எங்கள் மலைநாட்டில் உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பிடித்துப் பரவியிருக்கிறது. அதுவும் யாரோ ஒருவருடைய கண்ணுக்கு அழகாகத் தெரிந்த சிறு பூதான். ஆகவே சின்னம்மாவிடம், விதையை எடுக்கவேண்டாம், பின்வளவில் அந்தக் கொத்தை மட்டும் பிடுங்காமல் விட்டுவைத்து, பூக்கும்போது படம் அனுப்புங்கள் என்று சொன்னேன்.