கனடாவில முதல் விண்டர்: எலிமென்டரி ஸ்கூல் பிள்ளையள் இருக்கிற வீடுகளுக்கு

நவம்பர் பிறந்தாலே ஸ்கூலில இருந்து வாற ஈமெயிலும் பையுக்குள்ள மடிச்சு வாற பேப்பரும் கூடிடும். மேல "விண்டர் ரிமைன்டர்ஸ்" எண்டு போட்டிருக்கும். எங்கட முதல் வருசம் அந்தப் பேப்பரை நான் ஃபிரிட்ஜ் கதவில காந்தத்தால ஒட்டிப்போட்டு வேலைக்கு ஓடினனான், வடிவா வாசிக்கேல்ல. டிசம்பர் முதல் கிழமை ஒரு நாள் மகள் வீட்ட வந்து கையை நீட்டிக் காட்டினாள், அப்ப கிரேட் 1 படிச்சவள், விரல் எல்லாம் சிவந்து மடக்கேலாமல் இருந்தது, பையைத் திறந்து பாத்தால் மிட்டன்ஸ், அதான் கையுறை, இரண்டும் பிழிஞ்சால் தண்ணி வடியிற மாதிரி நனைஞ்சு கிடக்குது. காலமை ரிசெஸில, அதான் வெளியில விளையாட விடுற இடைவேளையில, நனைஞ்சிருக்கு, மத்தியானம் போட வேற சோடி இல்லை, பிள்ளை வெறுங்கையோட ஸ்னோவில விளையாடியிருக்கிறாள். அந்தப் பேப்பரை எடுத்துப் பாத்தன். மூண்டாவது வரியிலேயே எழுதியிருக்கு, இன்னொரு சோடி மிட்டன்ஸ் பையில வைச்சு விடுங்கோ எண்டு.

அதாலதான் இதை எழுதுறன், ஒன்ராறியோவுக்குப் புதுசா வந்து, ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் பிள்ளையை ஸ்கூலில விட்டிருக்கிற குடும்பங்களுக்காக. ஸ்கூல்காரர் ஒரு வரியில சுருக்கமா எழுதி விட்டிடுவினம், அந்த வரிக்குப் பின்னால என்ன இருக்குது எண்டு இஞ்ச பிறந்து வளந்த ஆக்களுக்குத் தெரியும், எங்களுக்கு ஆரும் சொல்லாட்டித் தெரியாது.

முதல்ல விளங்க வேண்டியது, குளிருது எண்டதுக்காகப் பிள்ளையளை உள்ள வைச்சிருக்க மாட்டினம். ரொறன்ரோ ஸ்கூல் போர்டில, அதான் ஸ்கூல்களை நடத்துற நிர்வாகத்தில, -20 வந்தால்தான் ரிசெஸ் நேரத்தைக் குறைப்பினம், -28க்குப் போனால்தான் உள்ள நிப்பாட்டுவினம், அதுவும் காத்தையும் சேத்துக் கணக்கெடுக்கிற விண்ட் சில் நம்பரையும் பாத்துத்தான். மற்ற போர்டுகளில நம்பர் கொஞ்சம் வித்தியாசப்படும், உங்கட ஸ்கூலில கேட்டு வைச்சிருங்கோ. விண்ட் சில் -28க்குக் கீழ போனால் மூடாத தோல் 10 இலிருந்து 30 நிமிசத்துக்குள்ள உறையத் தொடங்கலாம் எண்டு கனடா வானிலைக்காரர் சொல்லுறவை, அவ்வளவு குளிர் இல்லை எண்டால் ஒழுங்கா உடுத்த பிள்ளைக்கு வெளியில நிக்கிறது நல்லம்தான். "என்ர பிள்ளைக்குத் தடிமன், உள்ள வைச்சிருங்கோ" எண்டு துண்டு எழுதிக் குடுத்தாலும் பெரும்பாலும் நடக்காது, ஸ்கூலுக்கு வாற அளவுக்குச் சுகம் எண்டால் ரிசெஸுக்குப் போற அளவுக்கும் சுகம் எண்டுதான் அவை பாப்பினம், உள்ள பாத்துக்கொள்ள ஆளும் இருக்காது.

அப்ப உடுப்புத்தான் எல்லாம். பெரிய மொத்த ஜக்கெட் ஒண்டு வாங்கினால் காணும் எண்டு நினைக்காதேங்கோ, பிள்ளையள் ஸ்னோவில நடக்கிறேல்ல, இருக்குதுகள், உருளுதுகள், முழங்கால் குத்தித் தோண்டுதுகள், அதால களிசானுக்கு மேலால போடுற ஸ்னோ பான்ட்ஸ் இல்லாட்டி மத்தியானத்துக்கிடையில களிசான் தோய்ஞ்சிடும், மிச்ச நேரம் ஈரத்தோட வகுப்பில இருக்க வேணும். சின்னப் பிள்ளையளுக்கு ஐஞ்சு விரல் கிளவுஸ் வேண்டாம், விரல் எல்லாம் ஒண்டா இருக்கிற மிட்டன்ஸ்தான் சூடு, போடவும் லேசு, தண்ணி ஊறாத சாதியா பாத்து இரண்டு சோடி வாங்குங்கோ. நீளமான கழுத்துச் சால்வையும் வேண்டாம், சறுக்கு மரத்தில கொழுவிச்செண்டால் கழுத்தை இறுக்கிப்போடும், தலையால மாட்டிக் கழுத்தை மூடுற நெக் வோர்மர் போட்டு விடுங்கோ. பூட்ஸ் காலை இறுக்கக்கூடாது, மொத்தச் சொக்ஸ் போட்டு விரலை அசைக்க இடம் இருக்கோணும், இறுக்கமா இருந்தால் கால் இன்னும் கெதியா விறைக்கும். வகுப்புக்குள்ள போட வேற ஒரு சோடி சப்பாத்தும் ஸ்கூலிலயே வைக்க வேணும், பூட்ஸோட உள்ள நடக்க விடமாட்டினம்.

எல்லாத்திலயும் பேர் எழுதுங்கோ, அழியாத மார்க்கரால, மிட்டன்ஸ் இரண்டிலயும் தனித்தனியா. ஒரே நிற ஜக்கெட் வகுப்பில நாலு பேரிட்ட இருக்கும். துலைஞ்சால் ஒபிஸ் பக்கத்தில லொஸ்ட் அண்ட் ஃபவுண்ட் எண்டு ஒரு பெட்டியோ மேசையோ இருக்கும், விண்டர் பிரேக்குக்கு முதல் ஒருக்கா அதைப் போய்க் கிளறிப் பாருங்கோ, மிஞ்சினதைப் பெரும்பாலும் தானமாக் குடுத்திடுவினம்.

உடுத்துற ஒழுங்கு ஒண்டு இருக்கு, அதை வீட்டில பழக்கி விடுங்கோ. முதல் ஸ்னோ பான்ட்ஸ், பிறகு பூட்ஸ், நெக் வோர்மர், தொப்பி, ஜக்கெட், கடைசியா மிட்டன்ஸ். மிட்டன்ஸை முதல் போட்ட பிள்ளைக்குச் சிப் இழுக்கேலாது, 25க்கு மேல பிள்ளையள் இருக்கிற கிண்டர்கார்டன் வகுப்பில ரீச்சரால ஒவ்வொருத்தருக்கும் சிப் பூட்டிக்கொண்டிருக்க ஏலாது, கடைசியா நிக்கிற பிள்ளைக்கு ரிசெஸ் பாதி போயிடும். ஜக்கெட் போட மகளுக்கு ரீச்சர் காட்டிக் குடுத்த ஒரு வழி இருக்கு, ஜக்கெட்டை நிலத்தில விரிச்சு கழுத்துப் பக்கம் பிள்ளையின்ர காலடியில வாற மாதிரி வைச்சு, குனிஞ்சு இரண்டு கையையும் ஜக்கெட்டின்ர கைக்குள்ள விட்டு, அப்பிடியே தலைக்கு மேலால தூக்கிப் போட்டால் ஜக்கெட் முதுகில வந்து சரியா இருக்கும். நாலு வயசுப் பிள்ளையும் இரண்டு நாளில பழகிடும். ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா ஆறுதலா இருந்து செய்து பாருங்கோ, திங்கள் காலமை அவசரத்தில பழக்கேலாது.

எல்லாத்தையும் புதுசா வாங்க வேணும் எண்டில்லை. பிள்ளையள் ஒரு விண்டரிலயே வளந்திடுங்கள், வலியு வில்லேஜ் மாதிரிப் பாவிச்ச உடுப்பு விக்கிற கடையளில நல்ல ஸ்னோ பான்ட்ஸ் கிடக்கும், ஆனா ஒக்டோபரிலயே போங்கோ, முதல் ஸ்னோ கொட்டினாப் பிறகு போனால் சின்ன சைஸ் ஒண்டும் இருக்காது. காசு கஷ்டம் எண்டால் ரீச்சரிட்டயோ ஒபிஸிலயோ மெல்லமாச் சொல்லுங்கோ, கன ஸ்கூலில உடுப்புச் சேத்து வைச்சு, மற்றப் பிள்ளையளுக்குத் தெரியாமல் குடுப்பினம். இதில வெக்கப்பட ஒண்டுமில்லை, பிள்ளை குளிரில நிக்கிறதைவிட நீங்கள் ஒருக்கா வாய் திறந்து கேக்கிறது எவ்வளவோ மேல்.

கார் வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஒண்டு. மொத்த ஜக்கெட்டோட பிள்ளையைக் கார் சீட்டில இருத்திப் பெல்ட் பூட்டாதேங்கோ, பாக்க இறுக்கமா இருக்கும், ஆனா இடிபட்டால் ஜக்கெட் அமுங்கிப் பெல்ட் தளந்திடும். மெல்லிய உடுப்போட பூட்டிப்போட்டு ஜக்கெட்டை முன்னுக்குப் போத்து விடுங்கோ. ஸ்கூல் பஸ் சிவப்பு லைட் மின்னி நிண்டால் இரண்டு பக்கத்தாலயும் வாற வாகனம் நிக்க வேணும், நடுவில மீடியன் எண்ட தடுப்புக் கட்டு இல்லாத ரோட்டில எதிர்ப்பக்கத்தால வாற நீங்களும்தான், முதல் தரமே 400 டொலரில இருந்து 2000 டொலர் வரை ஃபைன், லைசன்ஸில 6 டிமெரிட் பொயிண்டும் விழும்.

ஸ்னோ கொட்டுற நாளில கனபேர் குழம்புறது பஸ் விசயத்தில. "பஸ் கான்சல்" எண்டால் ஸ்கூல் பூட்டு எண்டு அர்த்தம் இல்லை. பெரும்பாலும் பஸ் ஓடாது, ஆனா ஸ்கூல் திறந்திருக்கும், நடந்து வாற பிள்ளையள் வருவினம். காலமை 6 மணி அளவில போர்டின்ர வெப்சைட்டிலயும் ரேடியோவிலயும் அறிவிப்பினம். காலமை பஸ் கான்சல் எண்டால் பின்னேரமும் வராது, நீங்கள் கொண்டுபோய் விட்டால் நீங்கள்தான் கூட்டிக்கொண்டு வர வேணும், இதை மறந்து வேலைக்குப் போன ஒரு தாய் பின்னேரம் வேலையிடத்தில இருந்து அழுதழுது எனக்குப் போன் பண்ணினவா. ஸ்கூலே பூட்டுறது எப்பவாவதுதான். 2022 ஜனவரி 17 கொட்டின ஸ்னோவுக்கு ரொறன்ரோவில பூட்டினவை, அப்பிடி ஒரு நாளுக்கு ஆர் பிள்ளையைப் பாப்பினம் எண்டு இப்பவே பக்கத்து வீட்டிலயோ சொந்தத்திலயோ ஒராளைக் கதைச்சு வைச்சிருங்கோ. பிள்ளை வராட்டி மணி அடிக்க முதல் ஸ்கூலுக்கு அறிவிக்க வேணும், சேஃப் அரைவல் எண்டு சொல்லுவினம், நீங்கள் சொல்லாட்டி அவை உங்களைத் தேடி, ஒபிஸில குடுத்து வைச்ச எமர்ஜென்சி நம்பருக்கெல்லாம் எடுப்பினம். வந்த புதுசில போன் நம்பர் மாத்தினனீங்கள் எண்டால் அதை ஒபிஸில சொன்னனீங்களோ எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இனி ஊசி விசயம். இதை நிதானமா வாசியுங்கோ, ஏனெண்டால் விண்டர் மாதங்களில பப்ளிக் ஹெல்த் எண்ட அரசாங்கச் சுகாதாரப் பகுதியில இருந்து ஒரு கடிதம் வரலாம், பிள்ளையின்ர ஊசி விபரம் எங்களிட்ட இல்லை, இந்தத் திகதிக்கிடையில தராட்டிப் பிள்ளையை ஸ்கூலில இருந்து சஸ்பெண்ட் பண்ணுவம் எண்டு. ஒன்ராறியோச் சட்டப்படி 20 ஸ்கூல் நாள் வரைக்கும் நிப்பாட்டலாம். பிள்ளை ஒரு குற்றமும் செய்யேல்ல, பதிவு இல்லை எண்டதுதான் விசயம். டொக்டர் ஊசி போட்டால் அவரே அனுப்புவார் எண்டு கனபேர் நினைக்கினம், இல்லை, பப்ளிக் ஹெல்த்துக்கு அறிவிக்கிறது தாய்தேப்பன்ர பொறுப்பு, ஒன்லைனிலயே செய்யலாம். இன்னொண்டு, இலங்கையிலயும் இந்தியாவிலயும் அரசாங்கம் போடுற ஊசி அட்டவணையில கொப்புளிப்பான் ஊசியும் மெனிஞ்சோகொக்கல் ஊசியும் இல்லை, இஞ்ச 2010இலயோ அதுக்குப் பிறகோ பிறந்த பிள்ளைக்குக் கொப்புளிப்பான் ஊசியும் கேப்பினம். ஊரில எல்லா ஊசியும் முடிச்சிட்டம் எண்டு நம்பியிருந்த வீட்டுக்குக் கடிதம் வாறது இதாலதான். ஊர் அட்டையைக் கவனமா எடுத்து வையுங்கோ, அதில இருக்கிறதில பெரும்பாலானது கணக்கில சேரும், ஆனா ஒரு வயசுக்கு முதல் போட்ட சின்னமுத்து ஊசி மாதிரிச் சிலதைத் திருப்பிப் போட வேண்டி வரலாம். கடிதம் வந்தால் பயந்து ஒளிச்சு வைக்காமல் அதில இருக்கிற நம்பருக்கு எடுங்கோ, தமிழில கதைக்க ஆள் வேணும் எண்டு கேட்டால் மொழிபெயர்ப்பாளரை லைனில எடுத்துத் தருவினம்.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம். சூடா சோறோ நூடில்ஸோ குடுத்து விடுறது எண்டால், தெர்மஸுக்குள்ள முதல் கொதி தண்ணி விட்டு பத்து நிமிசம் மூடி வைச்சு, அதை ஊத்திப்போட்டுச் சாப்பாட்டைப் போடுங்கோ, மத்தியானம் மட்டும் சூடு நிக்கும், ஸ்கூலில மைக்ரோவேவ் தரமாட்டினம். மூடியைப் பிள்ளையே திறக்குதோ எண்டு வீட்டில பாத்து அனுப்புங்கோ. கச்சான், கஜு போட்டது ஒண்டும் அனுப்பாதேங்கோ, அலேர்ஜி உள்ள பிள்ளைக்கு உயிர் ஆபத்து.

ஜனவரி கடைசியில இருந்து பெப்ரவரி நடுப்பகுதிக்கிடையில முதல் ரிப்போர்ட் கார்ட் வரும். கிரேட் 1 இலிருந்து 6 வரை எழுத்தில இருக்கும், 7, 8க்குத்தான் வீதம். இதில B கண்டதும் பிள்ளையை ஏசுற வீடுகள் கன இருக்கு. B எண்டது லெவல் 3, மாகாணம் எதிர்பாக்கிற தரத்தில பிள்ளை நிக்குது எண்டு அர்த்தம், A எண்டால் அதுக்கும் மேல. புது மொழியில, வந்து நாலு மாதத்தில ஒரு பிள்ளை B எடுக்குது எண்டால் கட்டிப்பிடிச்சுக் கொஞ்ச வேணும். எழுத்துகளுக்கு முதல் பக்கத்தில ஆறு பழக்கங்கள் பற்றி எழுதியிருக்கும், பொறுப்பு, ஒழுங்கு, தனியாச் செய்யிறது, கூட்டாச் செய்யிறது, தானா முன்வாறது, தன்னைத் தான் கட்டுப்படுத்துறது எண்டு, அதை முதல் வாசியுங்கோ, ரீச்சர் உங்கட பிள்ளையைப் பற்றி உண்மையாச் சொல்லுறது அங்கதான் இருக்கு.

அதே மாதங்களிலயே ஸ்கேட்டிங் ட்ரிப் எண்டு ஒரு பெர்மிஷன் ஃபோம் வரும். ஐஸில விழுந்திடுவான் எண்டு கையெழுத்து வைக்காமல் விடாதேங்கோ, அண்டைக்கு மிஞ்சி நிக்கிற பிள்ளையின்ர மனசைப் பாருங்கோ. சிஎஸ்ஏ எண்ட பாதுகாப்பு முத்திரை உள்ள ஹொக்கி ஹெல்மெட் கேப்பினம், சைக்கிள் ஹெல்மெட் பெரும்பாலும் சரிவராது, இல்லை எண்டால் முன்கூட்டிச் சொன்னால் ஸ்கூல் எங்கையாவது இரவல் எடுத்துத் தரும்.

வீட்டில அடுத்த பிள்ளை நிக்குது எண்டால், அந்த வருசம் டிசம்பர் 31க்கிடையில நாலு வயசு முடியிற பிள்ளையை செப்டம்பரில ஜூனியர் கிண்டர்கார்டனில சேக்கலாம், பதிவை விண்டரிலயே தொடங்கிடுவினம், செப்டம்பர் மட்டும் பாத்துக்கொண்டிருக்காதேங்கோ. ஜனவரி தமிழ் மரபுத் திங்கள், ஒன்ராறியோவில 2014இல சட்டமாக்கினது, 2016இல கனடா நாடாளுமன்றமும் ஏற்றுக்கொண்டது. பொங்கலுக்கு வகுப்பில வந்து கோலம் போட்டுக் காட்டட்டோ எண்டு ரீச்சரிட்டக் கேளுங்கோ, இங்கிலீஷ் குறைவு எண்டு தயங்காதேங்கோ, மகளின்ர வகுப்பில நான் மாவைக் கிள்ளிப் போட, அவள் எழும்பி நிண்டு எல்லாருக்கும் விளக்கம் சொன்னாள், அதுவரைக்கும் வகுப்பில வாயே திறக்காத பிள்ளை.

ஈமெயில் விளங்கேல்ல எண்டால் ஸ்கூலில செட்டில்மென்ட் வேர்க்கர் இருக்கினமோ எண்டு ஒபிஸில கேளுங்கோ, சுருக்கமா SWIS (ஸ்விஸ்) எண்டு சொல்லுவினம், காசு இல்லை, தமிழ்ப் பிள்ளையள் கூட இருக்கிற இடங்களில தமிழ் கதைக்கிற ஆக்களும் இருக்கினம், ஃபோம் நிரப்பவும் உதவி செய்வினம்.

பெப்ரவரி மூண்டாவது திங்கள் ஃபமிலி டே, ஸ்கூல் இல்லை. மார்ச் இரண்டாவது ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவினம், திங்கள் காலமை பிள்ளையை எழுப்பக் கஷ்டமா இருக்கும், நாலு நாளுக்கு முதலே கொஞ்சம் கொஞ்சமா முன்னுக்குப் படுக்க வையுங்கோ. மார்ச் பிரேக்கோட வெய்யில் எறிக்கத் தொடங்கிடும், ஸ்னோ கரைஞ்சு மைதானம் முழுக்கச் சேறாக் கிடக்கும், அதுக்குத் தண்ணி போகாத பூட்ஸ் வேணும். ஏப்ரலிலயும் ஸ்னோ கொட்டும். ஸ்னோ பான்ட்ஸைக் கழுவிக் காயவிட்டு கதவுக்குப் பக்கத்திலயே கொழுவி வைச்சிருங்கோ.