பழைய காசு, அஞ்சல்தலை: படமெடுத்துப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி, கடலூர் பக்கத்துப் பழைய வீடுகளின் தகரப்பெட்டிகளில் பிரெஞ்சுக்காரர் காலத்துச் செப்புக்காசும் அஞ்சல்தலையும் இன்னும் கிடைக்கின்றன. கிடைத்ததும் கைபேசியில் ஒரு படம் எடுத்து, தெரிந்த சேகரிப்பாளர்களுக்கு அனுப்பி, "இது எந்தக் காலத்துக் காசு?" என்று கேட்கிறோம். பாதி நேரம் பதிலே வராது. வந்தாலும், "கொஞ்சம் தெளிவா எடுத்து அனுப்புங்க" என்றுதான் வரும். அடையாளம் சொல்லப்போகிறவர் கையில் காசு இல்லை. அளவு, நிறம், எழுத்தின் மேடுபள்ளம், விளிம்பு என்று எல்லாவற்றையும் படம்தான் அவருக்குக் கொடுத்தாக வேண்டும்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

முதல் தவறு கேமராவைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. படத்தில் பளிச்சென்று தெரியட்டும் என்று, குத்துவிளக்கைத் துலக்குவது போலக் காசையும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். செம்பின் மேல் பல ஆண்டுகளாகப் படிந்த பழுப்புப் படலத்தைப் புளியின் அமிலம் கரைத்துவிடும். காசை மேலும் அரிக்காமல் காத்துவந்தது அந்தப் படலம்தான். காசின் வயதைக் காட்டுவதும் அதுதான். தேய்த்த காசு இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். பழகிய கண் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும், விலையும் இறங்கிவிடும். போன படலத்தைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து உலரவிடுங்கள், துடைக்க வேண்டாம். நம் கடற்கரைக் காற்றில் உப்பு அதிகம் என்பதால் சில காசுகளில் வெளிர்பச்சை நிறத்தில் தூள் பூக்கும். அது உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கும் நோய். அதைச் சுரண்டாமல் அப்படியே படமெடுத்து, "பச்சைத்தூள் இருக்கிறது" என்று சேர்த்தே சொல்லுங்கள். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

படங்கள் கெடுவதற்குப் பெரிய காரணம் இதுதான். ஒரு பக்கம் லில்லிப்பூவும் மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி' என்ற எழுத்தும் உள்ள பிரெஞ்சிந்தியத் துட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பல கை மாறித் தேய்ந்த காசு, எழுத்து மயிரிழை உயரத்துக்குத்தான் எழும்பி நிற்கிறது. கைபேசியின் ஃபிளாஷைப் போட்டால் வெளிச்சம் லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே நேராக விழும். மேட்டுக்கு நிழலே இருக்காது. நிழல் இல்லையென்றால் எழுத்தும் இல்லை. நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு, சுற்றிலும் கறுப்பு வட்டம், அவ்வளவுதான் கிடைக்கும். தலைக்கு நேர்மேலே எரியும் டியூப்லைட்டும் ஏறக்குறைய அதையேதான் செய்யும்.

ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசைவிளக்கைப் பயன்படுத்துங்கள். காசைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் விளக்கு 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் இருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள காசுக்கு விளக்கு மேசையிலிருந்து 45 டிகிரி உயரத்தில் இருந்தால் போதும். தேய்ந்த காசுக்கு 15, 20 டிகிரி வரை இறக்குங்கள். அப்போது மயிரிழை மேடும் நீண்ட நிழல் போடும், எழுத்து எழுந்து நிற்கும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. வெளிச்சம் போகும் திசையிலேயே கிடக்கும் கோடு நிழல் போடாது. இடப்பக்கம் விளக்கு இருந்தால் எழுத்தின் நெடுங்கோடுகள் தெரியும், கிடைக்கோடுகள் மறையும். 'பு'வின் அடிக்கோடு காணாமல் போனால் பார்க்கிறவர் வேறு எழுத்தாகப் படித்து, வேறு காசு என்று சொல்லிவிடுவார். அதனால் காசை அசைக்காமல் விளக்கை மட்டும் சுற்றி வைத்து நான்கு படம் எடுங்கள். விளக்கைக் கீழ்ப்பக்கம், அதாவது 6 மணி திசையில் வைத்த படத்தை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். வெளிச்சம் மேலிருந்து வரும் என்றே நம் கண் எடுத்துக்கொள்ளும். அதனால் அந்தப் படத்தில் மேடெல்லாம் பள்ளமாகத் தோன்றும்.

சன்னல் வெளிச்சமும் விளக்கும் சேர்ந்து விழுந்தால் காசின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவும் வரும். இதைப் பிறகு திருத்துவது மிகவும் கடினம். ஒன்றை அடைத்துவிட்டு மற்றொன்றில் எடுப்பதுதான் வழி. மலிவான எல்இடி விளக்கில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தால், கைபேசியின் புரோ பயன்முறையில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. இந்த இரண்டு வேகங்களும் அந்தத் துடிப்போடு பொருந்திவிடும்.

கைபேசியை மூக்கோடு மூக்காக வைப்பது

கைபேசியைக் காசுக்கு 3 செ.மீ. வரை கொண்டுபோனால் பல மாடல்கள் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். வட்டக் காசு முட்டை வடிவாகும், கைபேசியின் நிழலும் காசின் மேல் விழும். 15 முதல் 20 செ.மீ. தள்ளி வைத்து 2 மடங்கு ஜூம் போட்டு எடுங்கள். ஒரே உயரத்தில் இரண்டு புத்தக அடுக்கு வைத்து, அவற்றின் மேல் கைபேசியைப் படுக்கவைத்தால் தாங்கி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. 3 விநாடி டைமர் வைத்தால் விரல் அதிர்வும் இல்லை. ஏசி அறையிலிருந்து கைபேசியை வெளியே கொண்டுவந்ததும் எடுக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் லென்ஸில் பனி படியும். பத்து நிமிடம் பொறுங்கள்.

பின்னணியாக வெள்ளைத் தாள் வைத்தால் கறுத்த காசு இன்னும் கறுத்துப்போகும், ஏனென்றால் கேமரா தாளின் வெளிச்சத்தைப் பார்த்துப் படத்தையே இருட்டாக்கிவிடும். சாம்பல் நிற அட்டை நல்லது. பூப்போட்ட மேசைவிரிப்பும் உள்ளங்கையும் வேண்டாம்.

அளவு தெரியாத படம்

பக்கத்தில் ஒரு ரூபாய் வைத்து எடுப்பது பரவலான பழக்கம். ஆனால் 1992-இல் வந்த ஒரு ரூபாய் 25 மி.மீ., 2011-இல் வந்தது 22 மி.மீ. எதை வைத்தீர்கள் என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? மில்லிமீட்டர் கோடு தெளிவாக உள்ள ஸ்கேலை, காசின் மேற்பரப்பு இருக்கும் அதே உயரத்தில் வையுங்கள். ஸ்கேல் கீழே கிடந்து காசு மேலே இருந்தால் காசு பெரிதாகத் தெரியும். எடையை 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் பார்த்து எழுதுங்கள். அது இல்லாமல் போலியைப் பிரிப்பது கடினம். தலைப்பக்கம், பூப்பக்கம் இரண்டோடு விளிம்பையும் ஒரு படம் எடுங்கள். அச்சில் வார்த்த போலிகளின் ஒட்டுக்கோடு விளிம்பில்தான் தெரியும். இதே காரணத்துக்காக, பின்னணியை அழிக்கும் செயலியைப் பயன்படுத்தாதீர்கள். அது விளிம்பையும் சேர்த்து மழித்துவிடும்.

அஞ்சல்தலைக்கு ஸ்கேனர்

காசை ஸ்கேன் செய்வதும் தவறு, அஞ்சல்தலையைக் கைபேசியில் எடுப்பதும் பெரும்பாலும் தவறு. தட்டையான தாளுக்கு ஸ்கேனர்தான் சரி. 20 மி.மீ. அகலமுள்ள தலை 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) சுமார் 470 பிக்சல்தான் வரும், 1200-இல் 940. சந்தேகமான தலைக்கு 1200 வையுங்கள். பின்னால் கறுப்பு அட்டை வைத்தால்தான் ஓரப் பற்கள் எண்ணத் தெரியும். பிளாஸ்டிக் உறையிலிருந்து இடுக்கியால் எடுத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. 'தானாக நிறம் திருத்து' வசதியை அணைத்துவிடுங்கள். நிற வேறுபாடுதான் பல தலைகளின் அடையாளமே.

பிரெஞ்சிந்தியத் தலைகளில் மேலச்சு, அதாவது அச்சான தலையின் மேல் மறுபடி அடித்த எழுத்து, உள்ளவை ஏராளம். 1920-களில் ஃபனோன், காஷ் என்ற நாணய முறைக்கு மாறியபோது பழைய தலைகளின் மேலேயே புதிய விலையை அச்சிட்டார்கள் (24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய்). இரண்டாம் உலகப்போரின்போது 'ஃபிரான்ஸ் லீப்ர்' (சுதந்திர பிரான்ஸ்) என்ற மேலச்சும் வந்தது. இவற்றுக்குப் போலி உண்டு. மேலச்சு மை அஞ்சல் முத்திரைக்கு மேலே படிந்திருந்தால், அது பின்னாளில் யாரோ அடித்தது. இதைப் பார்க்க வேண்டுமானால் அந்த மூலையை மட்டும் தனியாக 2400 டிபிஐ-யில் எடுத்து அனுப்புங்கள்.

அனுப்பும்போது

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். இத்தனை பாடுபட்டு எடுத்த எழுத்து மங்கிப்போகும். 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ஆனால் அப்படிப் போகும் கோப்பில் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவும் இருக்கலாம். வீட்டில் சேகரிப்பு இருக்கிறது என்று முகவரியோடு ஊருக்குச் சொல்வதாகிவிடும். கேமரா அமைப்பில் இருப்பிடக் குறிப்பை முதலிலேயே அணைத்துவிடுங்கள். பழைய அஞ்சல் உறைகளில் உயிரோடு இருப்பவர்களின் முகவரி தெரிந்தால் மறைத்துவிடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள்; திரையின் அளவுக்குச் சுருங்கிவிடும். ஒரே ஜேபிஜி-யைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் நுணுக்கம் கொஞ்சம் போகும். அசலைத் தொடாமல் நகலில் வெட்டுங்கள், காசைச் சுற்றி கொஞ்சம் இடம் விட்டு. இரு பக்கத்தையும் ஒரே அளவில் அருகருகே வைத்து, மொத்தம் 2000 பிக்சல் அகலம், ஜேபிஜி தரம் 85, எல்லாத் திரைக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளி என்று சேமித்தால் கணினியிலும் கைபேசியிலும் ஒரே மாதிரி திறக்கும். ஐபோனில் எடுப்பவர்கள் ஹெச்இஐசி கோப்பை ஜேபிஜி-யாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். கூர்மையாக்குவதைக் கடைசியில், அளவைக் குறைத்த பிறகு, ஒரே முறை செய்யுங்கள். அதிகமானால் எழுத்தோரத்தில் வெள்ளைக்கோடு முளைக்கும். அதைக் காசின் பிழை என்று நினைப்பவர்கள் உண்டு.

கோப்புக்குப் பெயராகக் கேமரா கொடுத்த எண்ணை விட்டுவைக்காமல் 'துட்டு-03-தலை', 'துட்டு-03-பூ', 'துட்டு-03-விளிம்பு' என்று வையுங்கள். அதே எண்ணைக் காசு இருக்கும் உறையின் மேலும் பென்சிலால் எழுதிவிடுங்கள்.