நெடுஞ்சாலை இரைச்சலை நிறுத்திய ஒரு மீட்டர் குழாய்

என் ஆறு சிலிண்டர் செடான் காருக்கு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) பின்னால் உள்ள பகுதியை மட்டும் மாற்றும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எக்ஸாஸ்டை, அதாவது புகை வெளியேறும் குழாயை, போட்டேன். கன்வெர்ட்டரில் கை வைக்க எனக்கு மனமில்லை. புகை கட்டுப்பாடு கெடும், எஞ்சின் விளக்கும் எரியும். முடுக்கும்போது வந்த உறுமல் அவ்வளவு பிடித்தது.

ஆனால் நெடுஞ்சாலையில், சரியாக 2,000 ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றும்போது), காருக்குள் ஒரு 'கும்ம்ம்'. அரை மணி நேரத்தில் தலைவலி. முதலில், சத்தத்தைக் குறைக்கும் மஃப்ளரைப் பெரியதாக மாற்றினேன். மொத்தச் சத்தம் குறைந்தது, அந்தக் கும்மல் மட்டும் போகவில்லை. வீண் செலவு.

பிறகுதான் கணக்குப் போட்டேன். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆறு சிலிண்டருக்கு ஒரு சுற்றில் மூன்று வெடிப்பு. 2,000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 100, அதாவது 100 ஹெர்ட்ஸ். சூடான வாயுவில் ஒலி நொடிக்குச் சுமார் 400 மீட்டர் ஓடுகிறது என்று வைத்தால், அலைநீளம் 4 மீட்டர், அதில் கால்வாசி 1 மீட்டர். அந்த நீளத்தில், முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றை மெயின் குழாயில் வெல்டிங் செய்தோம். உள்ளே போய்த் திரும்பும் அலை, எதிர்நிலையில் வந்து அந்தச் சத்தத்தை அடித்துவிடுகிறது. வாயு ஓட்டத்துக்குத் தடை இல்லை. வெப்பத்தைப் பொறுத்து தேவையான நீளம் மாறும் என்பதால் முதலில் கொஞ்சம் நீளமாக விட்டு, ஓட்டிப் பார்த்து இரண்டு முறை வெட்டினோம்.

கும்மல் போயே போய்விட்டது. உறுமல் அப்படியே இருக்கிறது. உங்கள் காரின் கும்மல் எத்தனை ஹெர்ட்ஸ் என்று அறிய, நான்கு சிலிண்டர் என்றால் ஆர்.பி.எம்.மை 30 ஆல் வகுங்கள், ஆறுக்கு 20.