கற்றல் கோட்பாடுகள்: வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு பாவ்லவ், ஸ்கின்னர், பியாஜே, வைகாட்ஸ்கி என்று கற்றலை ஆராய்ந்த அறிஞர்களின் வரிசை அத்துப்படி. தேர்வு முடிந்த பிறகு மனத்தில் தங்குவது பெயரும் ஒரு வரி விளக்கமும்தான். யாரிடம் சோதித்தார்கள், எந்தச் சூழலில் அந்த முடிவு கிடைத்தது என்பதெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. கோட்பாட்டின் பெயரால் வகுப்பில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் பரிசு. ‘வலுவூட்டினால், அதாவது நல்ல பலன் கிடைத்தால், நடத்தை நிலைக்கும்’ என்று ஸ்கின்னரைச் சுருக்கிக்கொண்டு, எதற்கெடுத்தாலும் நட்சத்திர முத்திரை ஒட்டும் ஆசிரியர்கள் உண்டு. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வை அவர்கள் பார்க்க வேண்டும். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் அதில் பங்கேற்றார்கள். ஒரு குழுவிடம் ‘வரைந்தால் சான்றிதழ் உண்டு’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு எதுவுமில்லை. ஓரிரு வாரங்கள் கழித்து இஷ்டம்போல் விளையாட விட்டபோது, சான்றிதழுக்காக வரைந்தவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதிதான். பரிசே ஆகாது என்று இதற்குப் பொருளில்லை; எதிர்பாராமல் வந்த பரிசு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. குழந்தை தானாக விரும்பிச் செய்வதற்கு விலை பேசாதீர்கள், அவ்வளவே. வாய்பாடு மனப்பாடம் செய்வதுபோன்ற சலிப்பான வேலைக்குச் சிறு ஊக்கம் கொடுப்பது வேறு கதை.

இதன் மறுபக்கம் தண்டனை. சேட்டை செய்யும் மாணவனை வெளியே நிற்க வைக்கிறோம். பாடமே பிடிக்காத பையனுக்கு அது விடுதலை. நாளை அதே நேரத்தில் மறுபடியும் சேட்டை செய்வான். பிடிக்காத ஒன்று நீங்குவதால் நடத்தை வலுப்படுவதைத்தான் ஸ்கின்னர் எதிர்மறை வலுவூட்டல் என்றார். அது தண்டனை அல்ல. நாம் கொடுத்தது எது என்பதை மாணவனின் அடுத்த நடத்தைதான் சொல்லும்.

குழந்தையின் சிந்தனை படிப்படியாக வளர்கிறது என்று பியாஜே வகுத்த வளர்ச்சிப் படிநிலைகளை வயதுச் சீட்டாக ஒட்டுவது அடுத்த தவறு. அவர் பாணிச் சோதனையில், இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகளை வைத்து, ஒரு வரிசையில் இடைவெளியை மட்டும் ஆய்வாளர் மாற்றினால், சிறு குழந்தைகள் பலர் ‘எண்ணிக்கை சமமில்லை’ என்கிறார்கள். 1974-இல் மெக்காரிகிளும் டொனால்ட்சனும் அதே மாற்றத்தை ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை செய்வதுபோல் நடித்துக் காட்டினார்கள். சரியாக விடை சொன்ன குழந்தைகள் வெகுவாகக் கூடினார்கள். ‘இந்த வயதுக்கு இது ஏறாது’ என்று தீர்ப்பு எழுதும் முன், கேள்வியை வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது, ‘மாணவர் தாமே அறிவைக் கட்டியெழுப்புகிறார்’ என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டு, தொடக்க நிலையினரைத் தனியே தேடவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்வது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லுங்கள். புதிதாகக் கற்பவர்களில் பலர் மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டிய பிறகு அரையை விடக் குறைவாக வந்திருக்கிறதே என்று யோசிக்க அவர்கள் மூளையில் அப்போது இடம் இருக்காது. யோசிக்கும்போது விவரங்களைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் செயல்நினைவு ஒரே நேரத்தில் ஒரு சில புதிய விவரங்களைத்தான் தாங்கும். 1980-களில் ஸ்வெல்லர் வளர்த்த அறிதல் சுமைக் கோட்பாட்டின் அடிப்படையே இதுதான். எனவே முதலில் முழுமையாகத் தீர்த்த கணக்கு ஒன்றைப் படிப்படியாகக் காட்டுங்கள். அடுத்த கணக்கில் கடைசிப் படியை மட்டும் அவர்களிடம் விடுங்கள், அதற்கடுத்ததில் கடைசி இரண்டு படிகளை. பிறகு முழுக் கணக்கும் அவர்களுடையது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. பாடத்தில் தேர்ந்துவிட்டவர்களுக்கும் அதே விளக்கத்தை நீட்டினால் அது வெறும் சுமை. சில வேளைகளில் அவர்கள் வேகத்தையே குறைத்துவிடும். கற்பவருக்குத் தேவையான அளவு உதவி தந்து பிறகு விலக்கிக்கொள்வதை ‘சாரக்கட்டு’ என்கிறோம். நாம் வைகாட்ஸ்கி பெயரில் சொல்லும் அந்தக் கருத்தை உண்மையில் 1976-இல் உட், புரூனர், ராஸ் ஆகியோர்தான் அறிமுகப்படுத்தினார்கள். அதில் உதவியைக் கொடுப்பது எவ்வளவு முக்கியமோ, விலக்குவதும் அவ்வளவு முக்கியம். நால்வரை ஒரு மேசையில் உட்கார வைத்துவிட்டு வைகாட்ஸ்கியைப் பின்பற்றியதாகச் சொல்லிக்கொள்வதும் சரியல்ல. கூடுதலாகத் தெரிந்த ஒருவரின் துணை அங்கே இருக்க வேண்டும்.

‘பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர்’ என்று மாணவர்களைப் பிரிப்பதை விட்டுவிடலாம். 2008-இல் பாஷ்லர் குழுவினர் ஆய்வுகளை அலசிப் பார்த்து, அந்தப் பிரிவினைக்கு ஏற்பக் கற்பிப்பதை நியாயப்படுத்தப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். ‘படிப்பதில் 10 சதவீதம், செய்வதில் 90 சதவீதம் நினைவில் நிற்கும்’ என்ற கூம்பு படமும் அப்படித்தான். அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-இல் வரைந்த மூலப் படத்தில் சதவீதமே கிடையாது.

கடைசியாக, பாடம் முடிந்த கையோடு வரும் சரியான விடைகளை நம்பிவிடுவது. 2006-இல் ரோடிகரும் கார்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தபோது, ஐந்து நிமிடத்தில் வைத்த தேர்வில் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். அடுத்த வகுப்பைத் தொடங்கும்போது, போன வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். புத்தகம் மூடியிருக்கட்டும், மதிப்பெண் வேண்டாம்.