சேலத்தில் மழை வருமா? வெப் ஏபிஐயை ஏஐ உதவியாளருக்குக் கருவியாகக் கொடுப்பது எப்படி

"சாயங்காலம் சேலத்தில் மழை வருமா?" என்று ஏஐ உதவியாளரிடம் கேட்டுப் பாருங்கள். வானிலையைப் பார்க்க அதற்கு வழி எதுவும் இல்லையென்றால், சேலத்தின் பருவமழை பற்றி ஒரு பத்தி எழுதி நழுவிவிடும். நாம் கேட்டதை எண்ணாகவே தரும் ஏபிஐகளோ (ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் தகவல் கேட்டு வாங்கும் வழிகள்) இணையத்தில் சும்மா கிடக்கின்றன. இரண்டையும் கோர்ப்பதுதான் இன்றைய வேலை. பைதானில் ஒரு ஃபங்ஷன் எழுதத் தெரிந்தால் போதும்.

உதவியாளர் தானாகப் போய் எந்த ஏபிஐயையும் கூப்பிடுவதில்லை. "இந்தக் கருவியை இந்த விவரங்களோடு ஓட்டு" என்று ஒரு சீட்டு எழுதித் தரும், அவ்வளவுதான். ஓட்டுவது நம் புரோகிராம். வந்த பதிலைத் திருப்பிக் கொடுத்தால், படித்துவிட்டு நமக்குப் புரிகிற மாதிரி சொல்லும். முன்பெல்லாம் இப்படிக் கருவிகளை இணைக்க ஆளுக்கொரு முறை இருந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி, என்ற பொது முறையை வெளியிட்டது. ஓப்பன்ஏஐயும் கூகுளும்கூடப் பிறகு அதை ஏற்றுக்கொண்டதால், ஒரு தடவை எழுதினால் பல இடங்களில் ஓடும்.

படி 1: பிரவுசரில் ஓட்டிப் பாருங்கள்

ஓப்பன்-மீட்டியோ என்ற வானிலை ஏபிஐயை எடுத்துக்கொள்வோம். வணிக நோக்கம் இல்லாதவர்களுக்குப் பதிவும் சாவியும் (பயன்படுத்துபவரை அடையாளம் காட்டும் ரகசிய எழுத்துக்கோவை) தேவையில்லை. அதன் ஆவணப் பக்கத்தில் அட்சரேகை 11.65, தீர்க்கரேகை 78.16 என்று போட்டு, மணிவாரி மழை வாய்ப்பை டிக் செய்தால் முழு முகவரியும் கீழே தயாராகிவிடும். அதைத் திறந்தால் ஜேசன், அதாவது புரோகிராம்கள் படிக்கும் வடிவத்தில் தகவல், வந்து விழும்.

அதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பட்டியலில் நேரங்கள், இன்னொன்றில் சதவீதங்கள். ஏழு நாளுக்கு, மணிக்கு ஒன்றாக, மொத்தம் 168. நேர மண்டலத்தை நாம் சொல்லாவிட்டால் எல்லாமே கிரீன்விச் நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். இதைக் கவனிக்காமல்தான் நான் முதல் முறை மாட்டினேன். "காலை 11 மணிக்கு மழை" என்றது உதவியாளர். 11 மணிக்கு வெயில் அடித்தது, 4.30க்கு நனைந்தேன். முகவரியில் நேர மண்டலமாக ஏஷியா/கொல்கத்தா என்று சேர்த்துவிடுங்கள்.

படி 2: ஃபங்ஷனைக் கருவியாக்குங்கள்

பைதான் 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும். எம்சிபி பேக்கேஜையும், ஏபிஐயைக் கூப்பிட ஹெச்டிடிபிஎக்ஸ் பேக்கேஜையும் பிப் (பைதான் பேக்கேஜ்களை நிறுவும் கட்டளை) மூலம் நிறுவுங்கள். எம்சிபி பேக்கேஜில் உள்ள ஃபாஸ்ட்எம்சிபியை இம்போர்ட் செய்து, ஒரு பெயர் கொடுத்துச் சர்வரை, அதாவது உதவியாளருக்குக் கருவிகளைக் கொடுக்கும் புரோகிராமை, உருவாக்குங்கள். வழக்கம்போல ஒரு ஃபங்ஷன் எழுதி, அதன் தலைமேல் "இது கருவி" என்று அறிவிக்கும் டெக்கரேட்டர் வரியை (@ குறியோடு தொடங்குவது) வையுங்கள். கடைசி வரியில் சர்வரை ஓடவிடுங்கள். உள்ளீடு எழுத்தா எண்ணா என்ற டைப் குறிப்பை விட்டுவிடாதீர்கள். உதவியாளர் நிரப்ப வேண்டிய படிவம் அதிலிருந்துதான் உருவாகிறது.

சரி, உள்ளீடாக எதைக் கேட்பது? ஏபிஐ கேட்பது அட்சரேகையும் தீர்க்கரேகையும். அதையே உதவியாளரிடமும் கேட்டால் நினைவிலிருந்து எண்ணை எடுத்துவிடும். பெரிய ஊர் என்றால் சரியாக இருக்கும். சின்னக் கிராமம் என்றால் கூசாமல் கற்பனை செய்யும். எனவே ஊர்ப் பெயரை வாங்குங்கள். ஓப்பன்-மீட்டியோவிலேயே ஊர் தேடும் ஏபிஐ தனியாக உண்டு. ஃபங்ஷனுக்குள் முதலில் அதைக் கூப்பிடுங்கள். ஆனால் சேலம் அமெரிக்காவிலும் இருக்கிறது, ஓரிகன் மாநிலத்தின் தலைநகரமே அதுதான். பல ஊர்கள் கிடைத்தால் மாநிலம், நாட்டோடு பட்டியலாகத் திருப்பிக் கொடுங்கள். எது என்று உதவியாளரே நம்மிடம் கேட்கும்.

படி 3: விளக்கத்தை ஒழுங்காக எழுதுங்கள்

ஃபங்ஷனின் முதல் வரிக்குக் கீழே எழுதும் டாக்ஸ்டிரிங்தான் உதவியாளர் கண்ணில் படும் விளக்கம். ஃபங்ஷனுக்குள் இருக்கும் கோட் வரிகளை அது பார்ப்பதே இல்லை. எல்லாரும் சோம்பல்படும் இடமும் இதுதான். "வானிலை தரும்" என்று விட்டுவிட்டால் போன மாத மழைக்கும் இதையே கூப்பிடும். நான் எழுதியது இப்படி: "ஓர் ஊரின் அடுத்த 24 மணி நேர மழை வாய்ப்பை, இந்திய நேரத்தில், சதவீதமாகத் தரும். கடந்த கால வானிலைக்குப் பயன்படுத்த வேண்டாம். ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுக்கவும்." நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனிடம் சொல்வது போல எழுதினால் சரியாக வரும்.

படி 4: பதிலை வெட்டுங்கள்

168 எண்களையும் அப்படியே கொட்டாதீர்கள். டோக்கன் (உதவியாளர் படிக்கும் எழுத்தின் அளவு) வீணாவதோடு, எந்த நேரத்துக்கு எந்த எண் என்று உதவியாளர் குழம்பவும் செய்யும். 24 மணி நேரத்தை மட்டும் எடுத்து, "மாலை 4: 65%" என்று வரிவரியாகக் கொடுங்கள். ஊர் கிடைக்கவில்லையென்றால் பிழை எண்ணை வீசாமல், "இந்தப் பெயரில் ஊர் இல்லை, எழுத்துக்கூட்டலைப் பார்க்கவும்" என்று ஒரு வாக்கியமாகத் திருப்பினால், அதுவே திருத்தி மறுபடி முயலும்.

படி 5: இணைத்து ஓட்டுங்கள்

கிளாட் டெஸ்க்டாப் (ஆந்த்ரோபிக்கின் கிளாட் உதவியாளரைக் கணினியில் ஓட்டும் செயலி) செட்டிங்ஸில் டெவலப்பர் பகுதிக்குப் போய்க் கான்ஃபிக் கோப்பைத் திறங்கள். கருவிக்கு ஒரு பெயர், பைதான் இருக்கும் இடம், உங்கள் கோப்பின் முழுப் பாதை, இவ்வளவுதான் அதில் எழுத வேண்டும். பிறகு செயலியை முழுதாக மூடித் திறங்கள். ஜன்னலை மட்டும் மூடினால் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

இணையவில்லையா? முதலில் பிரிண்ட் வரிகளைத் தேடுங்கள். இப்படிக் கணினியிலேயே ஓடும் சர்வர், செயலியோடு பேசுவது ஸ்டாண்டர்ட் அவுட்புட் வழியாக, பிரிண்ட் எழுதுவதும் அதே இடத்தில்தான். சோதனைக்காகப் போட்ட ஒரு பிரிண்ட் அந்தப் பேச்சின் நடுவே புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். லாக் எழுத, பிழைச் செய்திகளுக்கென்று தனியாக இருக்கும் ஸ்டாண்டர்ட் எரரைப் பயன்படுத்துங்கள்.

அப்புறம், சாவி கேட்கும் ஏபிஐ என்றால் அந்தச் சாவியைக் கோட் வரிகளிலோ விளக்கத்திலோ எழுதாமல், என்விரான்மென்ட் வேரியபிளாக (புரோகிராமுக்கு வெளியே கணினியில் வைக்கும் மதிப்பு) வையுங்கள். தகவலை அழிக்கும், பணம் அனுப்பும் வழிகளை இப்போதைக்குக் கருவியாக்கவே வேண்டாம். ஒரு ஏபிஐயின் வழிகளையெல்லாம் விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ கோப்பைக் கொடுத்தால் எல்லா வழிகளையும் தானாகக் கருவியாக்கும் நூலகங்கள் இருக்கின்றன. பெரிய ஏபிஐயில் அப்படிச் செய்தால் அழிக்கும் வழியும் சேர்ந்தே வந்துவிடும். எண்பது கருவிகளில் எதை எடுப்பது என்று உதவியாளரும் திணறும். நான் தேவையான மூன்று நான்கைக் கையாலேயே எழுதிக்கொள்கிறேன்.