‘ஏனுங்க, புஸ்தகத்த உட்டுட்டுப் போறீங்க!’ – பொது இடத்தில் புத்தகம் வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருந்துறை பேருந்து நிலையத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சின் மேல் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை வைத்துவிட்டு ஈரோடு பஸ்ஸைப் பார்த்து நடந்தேன். இருபது அடிகூடப் போயிருக்க மாட்டேன். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், பாதிச் சரத்தைக் கூடையில் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார். “ஏனுங்க தம்பி, புஸ்தகத்த உட்டுட்டுப் போறீங்க!” யாராவது எடுத்துப் படிக்கட்டும் என்றுதான் வைத்தேன் என்று சொன்னேன். மூச்சு வாங்கியபடியே என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “அப்ப அத அதுமேலயே எழுதி வெக்கோணுமுங்க தம்பி” என்றார்.

நம் பக்கத்தில் இந்தப் பழக்கம் கைகூடாமல் போவதற்கு முதல் காரணம் அதுதான். அடுத்தவர் பொருளைத் தொடக்கூடாது என்று வளர்ந்த சனம். கேட்பாரற்றுக் கிடக்கும் புத்தகத்தைப் பார்த்தால் ‘பாவம், யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க’ என்றுதான் நினைக்கும். எடுத்தாலும் பக்கத்துக் கடையில் கொடுத்துவைக்கும். அங்கே அது கல்லாவுக்குப் பின்னால், உரியவர் வருவார் என்று வருடக்கணக்கில் தூசு படியக் காத்திருக்கும். 2001-ல் அமெரிக்காவில் ரான் ஹார்ன்பேக்கர் தொடங்கியது புக்கிராசிங், படித்த புத்தகத்தைப் பொது இடத்தில் விட்டுவரும் இயக்கம். எடுத்தவர் இணையத்தில் சேதி சொல்வதற்காக ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதை ஒட்டித்தான் வெளியே விடுவார்கள். அந்த ஒட்டுத்தாளே ‘இது தொலைந்ததல்ல’ என்று சொல்லிவிடும். நமக்கு எண்ணெல்லாம் வேண்டாம். இரண்டு வரி போதும்: “இது யாரும் தவறவிட்டதல்ல. உங்களுக்குத்தான், எடுத்துட்டுப் போங்க.”

எழுதுவதிலும் தவறு நடக்கிறது. முதல் பக்கத்தில் எழுதி மூடிவைத்தால் யாருக்குத் தெரியும்? அட்டை மேல் தெரிய வேண்டும். செல்லோடேப் ஒட்டினால் நாளாக ஆக மஞ்சளாகி, பிரிக்கும்போது அட்டையையும் உரித்துக்கொண்டு வரும். ரப்பர் பேண்டு நம் வெயிலுக்கு இளகி ஒட்டிக்கொள்ளும். நான் செய்வது இதுதான்: மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளைத்தாளை வெட்டி, புத்தகத்தை இடுப்புப் பட்டை போலச் சுற்றி, தாளின் இரு முனைகளை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிவிடுவேன். அட்டையில் பசை படாது. எழுதுவது பால்பாயிண்ட் பேனாவால். ஸ்கெட்ச் பேனா மை ஈரம் பட்டால் ஊறிவிடும். உங்கள் போன் நம்பரை எழுதாதீர்கள், பெண்கள் கண்டிப்பாக எழுத வேண்டாம்.

அதே சமயம், புத்தகத்தை அழகாகக் காகிதத்தில் பொதிந்து, கயிறு கட்டி வைக்கவே கூடாது. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பைப் பார்த்த ஊர் கோயம்புத்தூர். கேட்பாரற்றுக் கிடக்கும் பொட்டலத்தைக் கண்டால் அங்கே மனசு பதறத்தான் செய்யும், அதில் நியாயம் இருக்கிறது. ரயில் நிலையம் வேண்டவே வேண்டாம். பஸ் சீட்டில் வைத்தால் கண்டக்டர் எடுத்து டிப்போவில் ஒப்படைப்பார், அது அவர் கடமை.

இடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போய்வந்த உற்சாகத்தில் பூங்கா பெஞ்சிலும் மரத்தடியிலும் வைக்கத் தோன்றும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், புத்தகம் எம்மாத்திரம்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. கூடவே கோவைப் பக்கம் சாரலும் வரும், ஐப்பசியில் பெருமழையும் வரும். பிளாஸ்டிக் கவரில் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். வெயிலில் உள்ளே வேர்த்துத் தாள் நமுத்துவிடும்.

மனிதர்கள் காத்திருக்கிற, கூரையுள்ள இடம்தான் சரி. மாவு மில், சலூன், டெய்லர் கடை. எல்லாவற்றையும்விட நம் ஊர் பேக்கரி. கோயம்புத்தூரில் பேக்கரி என்றால் டீக்கடை என்று வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டும். ஆனால் சொல்லாமல் வைத்துவிட்டு வராதீர்கள். “ஏனுங்கண்ணா, இத இங்க வெச்சுக்கட்டுங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம் அவரே, புரட்டிப் பார்க்கிறவர்களிடம் “சும்மா எடுத்துட்டுப் போங்க” என்று சொல்வார். 2009-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் டாட் போல் என்பவர், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும் என்று தன் வீட்டு முன் வைத்த சின்னப் புத்தகப் பெட்டி உலகமெல்லாம் பரவியது. அங்கே அந்தப் பெட்டி செய்த வேலையை இங்கே பேக்கரி அண்ணன் செய்வார்.

அடுத்தது, எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற ஒன்று. வீட்டைக் காலி செய்யும்போது மிஞ்சியதையெல்லாம் கொண்டுவந்து வைப்பது. பத்து வருடத்துக்கு முந்தைய போட்டித் தேர்வு கைடு, பழைய வரிச் சட்டப் புத்தகம், முன்பக்கம் கிழிந்த நாவல். இவை போக வேண்டிய இடம் பழைய பேப்பர் கடை. ஒருவர் வாழ்க்கையில் முதன்முதலாகக் கையில் எடுக்கும் புத்தகமாக அது இருந்துவிடலாம். ‘ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்’ என்பது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று. அதை முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் அந்த வாசகரை எட்டும் நிலையில் புத்தகம் இருக்க வேண்டாமா? நீங்கள் ரசித்துப் படித்ததில் இன்னொரு பிரதி வாங்கி வையுங்கள். மெல்லியதாக இருக்கட்டும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். திருப்பூரில் வைப்பதாக இருந்தால் இந்தி, ஒடியாப் புத்தகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள்.

வைப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் ஒருமுறை விசிறிப் பாருங்கள். பேங்க் ரசீது, குடும்பப் போட்டோ ஏதாவது கிடக்கும். நூலக முத்திரை இருந்தால் அது கொடுக்க உங்களுடையதல்ல, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, தூரத்தில் நின்று போனில் வீடியோ எடுப்பது. தயங்கித் தயங்கிக் கையை நீட்டுகிறவர், கேமராவைப் பார்த்துவிட்டால் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். படித்தாரா, பிடித்ததா என்று பதில் வரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். எண் ஒட்டி அனுப்பும் புக்கிராசிங்கிலேயே பெரும்பாலான புத்தகங்களிலிருந்து சேதி வருவதில்லை. யார் எடுத்தார்கள் என்று பேக்கரி அண்ணனிடமும் துருவாதீர்கள். “அது போயிருச்சுங்க” என்று அவர் சொன்னால் போதும். அடுத்ததைக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு டீ சொல்லுங்கள்.